மலக்குடல் வைத்தியமும் நம்மவர் நாணமும்

(நமது சங்கத்தின் திருவண்ணாமலைக் குடும்பக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற சஸ்திர வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



அறிவினும் அநுபவத்தினும் மிக்க பெரியோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையில், எம்மையும் ஒரு பொருட்டாக மதித்துப் பேசப் பணித்த நிர்வாகிகளுக்கு எமது மனமார்ந்த வந்தனம். யாம் நாவன்மை உடையேம் அல்லேம். கத்தியும் ஊசியும் பிடித்துப் பழகிய கை எமது கை; மேடையேறிப் பழகிய நா எமது நா அன்று. ஆதலின் சொற்குற்றம் காணின் பொறுத்து, பொருளை மட்டும் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

எமக்குக் கொடுக்கப்பட்ட விஷயம், ஒரு சஸ்திர வைத்தியரின் தொழிலும் வாழ்வும் என்பது. யாம் செய்துவந்த தொழிலோ பெருங்குடல், மலக்குடல், ஆசனவாய் ஆகிய உறுப்புகளில் உண்டாகும் நோய்களைச் சஸ்திர சிகிச்சையினால் போக்குவது. இவ்வுறுப்புகளின் பெயரை ஸ்திரீகளும் சிறுவர்களும் கூடிய சபையிற் சொல்லுதல் தகுமோ என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பே இன்று யாம் பேச வந்த பொருள். எமது தொழிலின் ஆண்டுகள் அனைத்திலும் யாம் கண்ட கொடிய பகை புற்றுமன்று, மூலமுமன்று. அவற்றை மறைக்கும் நாணமே.

முதலில் இக்கலையின் தொன்மையைச் சிறிது கூறுவோம். மேனாட்டார் வந்தபின் தோன்றிய கலை இது என்று எண்ணற்க. சுசுருத சங்கிதையில் மூலநோய்க்கு மருந்து, காரம், தீ, சஸ்திரம் என்னும் நால்வகைப் பரிகாரம் வகுக்கப்பட்டுள்ளது. நாம் பவுத்திரம் என்று வழங்கும் நோய் அங்கே பகந்தரம் எனப்படும். மாணாக்கன் மனிதவுடலிற் கை வைக்குமுன் பூசணி, சுரை முதலிய காய்களை அறுத்துப் பழகவேண்டும் என்பதும் அந்நூலின் விதி. காரமூட்டிய நூலைப் பவுத்திரத்தின் வழியே செலுத்திச் சிறிது சிறிதாக அறுக்கும் முறையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் சஸ்திர சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்து 1991ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூல்முறையில் புண் ஆற நாள் மிகுதியாயினும், நோய் மீண்டும் தோன்றுதல் குறைவு என்று அதனால் விளங்கிற்று.

இத்தகைய கலையை நம் தமிழ்நாட்டில் பல நூற்றாண்டு காலம் காத்துவந்தோர் யாவர்? மருத்துவர் என்னும் பெயர் பூண்டும் நாவிதர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தாரே. கட்டி கீறுதலும் புண் ஆற்றுதலும் அவர் கைத்தொழில். மகப்பேறு பார்த்தல் அவர்தம் பெண்டிர் தொழில். இங்கிலாந்திலும் அப்படியே. நாவிதரும் சஸ்திர வைத்தியரும் 1540 முதல் ஒரே சங்கத்தினராயிருந்து 1745இல்தான் பிரிந்தனர். அழுக்கைத் தொடுகிறவனைத் தாழ்த்தி, அவனாற் பிழைத்த உடம்போடு தலைநிமிர்ந்து நடப்பது எந்நாட்டிலும் இருந்த வழக்கம் போலும்! இன்று நம் பிள்ளைகள் பொற்பதக்கம் பெற்றுச் செய்யும் தொழில் அன்று அவர்கள் செய்த தொழிலே என்பதை நம் சங்கத்தார் நினைவிற் கொள்ளுதல் நன்று.

பிரெஞ்சு தேசத்து அரசர் பதினான்காம் லூயி பவுத்திர நோயால் வருந்தி, 1686ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பெலிக்ஸ் என்னும் வைத்தியரால் சஸ்திர சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். அரசருக்கு வந்த நோயை அதன்பின் எவரும் இழிவென்று கருதவில்லை. ஏழைக்கு வந்தால்தான் அது இழிவு. அந்த ஏழைகளுக்கென்றே பிரெடரிக் சால்மன் என்பார் 1835இல் இலண்டன் மாநகரில் 7 படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவசாலையைத் தொடங்கினார். பின்னர் அதுவே செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரி என்று உலகம் போற்றும் நிலையமாயிற்று. மலக்குடற் புற்றை வயிற்றின் வழியும் ஆசனத்தின் வழியும் அணுகி முற்றும் நீக்கும் முறையை 1908இல் எர்னஸ்ட் மைல்ஸ் வெளியிட்டார். மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையைக் கிழியாது முழுமையாக எடுத்தால் புற்று அவ்விடத்தில் மீண்டும் வளர்தல் பெரிதும் குறையும் என்று 1982இல் பில் ஹீல்ட் விளக்கினார். நம் மாகாணத் தலைநகரிலும், சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் இரைப்பை, குடல் சஸ்திர சிகிச்சைக்கெனத் தனித்துறை கண்டவர் டாக்டர் ரங்கபாஷ்யம் அவர்கள்.

இன்னொரு செய்தியை நம் தாய்மார்கள் சிறப்பாகக் கேட்கவேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954ஆம் ஆண்டில் 12 படுக்கைகளோடு திறந்துவைக்கக் காரணமாயிருந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவரை அப்பணியிற் புகுத்தியது யாது? அவர் தங்கையார் இளம்பிராயத்தில் மலக்குடற் புற்றினால் மாண்டதே. அத்துயரத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டாமல், முப்பது ஆண்டு ஊரறிய உழைத்து ஒரு மருத்துவமனையாக்கினார் அவ்வம்மையார்.

நிற்க. எமது தொழில் வாழ்வைக் கூறுவோம். இவ்வூர்க் கோயில் மதிலை அடுத்த வீதியொன்றிற் பிறந்து வளர்ந்தோம். வைத்தியப் பட்டத்துக்கு 5½ ஆண்டு, பொதுவான சஸ்திர சிகிச்சையில் மேற்பட்டத்துக்கு 3 ஆண்டு, அதன்மேல் இத்துறையிற் சிறப்புப் பயிற்சிக்கு 3 ஆண்டு, ஆக 11½ ஆண்டு கற்றோம். உடன்படித்தோர் பேரன்மாரைக் காணத் தொடங்கும் வேளையில் நாம் தொழிலைத் தொடங்குகிறோம் என்று எம் வகுப்பினர் நகைப்பதுண்டு.

மலக்குடல் இடுப்பெலும்புக் கிண்ணத்தின் ஆழத்தில் ஒடுங்கிக் கிடப்பது. ஆடவர்க்கு அவ்விடம் இன்னும் குறுகியது. அதன் இருமருங்கும் சிறுநீரையும் இல்லற வாழ்வையும் ஆளும் நரம்புகள் மெல்லிய நூல்போல் ஓடுகின்றன. புற்றை விட்டுவைத்தால் உயிர்போம். நரம்பை அறுத்துவிட்டால் வாழ்வின் இன்பம் போம். இவ்விரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவான வழியிற் பல நாழிகை கத்தி செல்லவேண்டும். பின்னர்க் குடலின் இருமுனைகளையும் பொருத்திவிட்டு வெளியே வந்தாலும் மனம் வெளியே வாராது. அப்பொருத்து கசியுமோ என்னும் அச்சம் ஒரு வாரம் உடன் நடக்கும். ஐந்தாம் நாள் சிறு காய்ச்சல், நாடியில் சிறு விரைவு என்று செவிலியர் சொன்னால், உண்ட கவளம் தொண்டையில் நிற்கும். எம் மனைவியார் நோயாளியின் பெயரும் அறியார். ஆயினும் எம் முகத்தை நோக்கி, இன்று ஐந்தாம் நாளோ என்று வினவுவார்.

கார்த்திகைத் தீபத்தன்று ஊரெல்லாம் மலையை நோக்கிக் கை கூப்பி நிற்க, யாம் ஆஸ்பத்திரிச் சாளரத்தின் வழியே அச்சுடரைக் கண்ட ஆண்டுகள் பல. மக்களின் பள்ளி விழாவும் உறவினர் மணங்களும் எமக்குப் புகைப்படங்களாகவே வந்தன. இத்தொழிலின் ஊதியத்தைப் பேசுவோர் இச்செலவையும் கணக்கில் எழுதவேண்டும்.

திருமணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுவோம். எமக்குப் பெண் கொடுக்க முதலில் இசைந்த குடும்பத்தார், மாப்பிள்ளை எதில் நிபுணர், கண்ணிலா, இருதயத்திலா என்று கேட்டனர். மலக்குடலில் என்றோம். மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வந்தது. முன்னாள் வரை பத்துப் பொருத்தமும் உடையதாயிருந்த ஜாதகம் ஒரே இரவிற் பிசகிற்று! அக்காலத்தில் வருந்தினோம், இப்பொழுது நகைக்கிறோம். ஆனால் பின்வருவது நகைக்கத்தக்கதன்று.

எம் தந்தையாரின் தமக்கையார் எம்மைத் தோளிற் சுமந்து வளர்த்தவர். எம் வீட்டிற்கு மூன்றாம் வீட்டில் வாழ்ந்தவர். ஈராண்டு காலம் அவருக்கு மலத்தோடு இரத்தம் போயிற்று. மூலச்சூடு என்று மோர் குடித்தார், கருணைக்கிழங்கு உண்டார், ஒருவருக்கும் சொல்லவில்லை. உடல் வெளிறி மூச்சிரைத்து வீழ்ந்தபின்னரே செய்தி வெளிப்பட்டது. அத்தை, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீ ஆண்பிள்ளையாயிற்றே அப்பா, உன்னிடம் எப்படிச் சொல்வது?" என்றார். புற்று விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நிமிஷச் சோதனையில் ஈராண்டுக்கு முன்பே அறிந்திருக்கலாம். அறிந்தபோது அது ஈரலுக்கும் பரவியிருந்தது. ஒன்பதாம் மாதத்தில் அவர் மறைந்தார்.

பெரியோர்களே! நாணம் நற்குணமே, ஆனால் நோயிடத்தில் அன்று. திருநாவுக்கரசர் தமக்கு வந்த சூலையை மறைத்தாரோ? தமக்கையார் திலகவதியாருக்கு ஆள் விடுத்து அறிவித்தார். அவர் வாராதபோது இரவோடிரவாகத் தாமே சென்றார். சொன்னதனாலன்றோ நமக்கு ஒரு நாவரசர் கிடைத்தார்! இவ்வூரில் வாழ்ந்த ரமண மகரிஷிகள் தமது இடக்கையில் எழுந்த புற்றுக்கட்டியை ஊரறியாது மூடினாரல்லர். 1949ஆம் ஆண்டில் நான்கு முறை சஸ்திர சிகிச்சைக்கு உட்பட்டார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மறையும் வரை வந்தவர்க்குக் காட்சி தந்தார். உடம்பைத் துச்சமென்று அறிந்தவர்க்கு அதன் நோயில் வெட்கம் இல்லை.

அத்தையார் மறைந்தபின் முதியோர்களைக் கிண்டிக் கேட்டோம். அவர் தந்தையார் சீதபேதியினால் 42ஆம் வயதிலும், சிறிய தந்தையார் ஒருவர் மூலம் முற்றி அதற்குச் சற்று மேற்பட்ட வயதிலும் இறந்தனர் என்று சொன்னார்கள். சீதபேதியும் மூலமும் என்று பெயர் சூட்டப்பட்டவை உண்மையில் யாவை என்பது எமக்கு விளங்கிற்று. சில குடும்பங்களில் இந்நோய் வழிவழி வரும். தாய் தந்தையரில் ஒருவரிடம் அவ்வித்து இருப்பின், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு இடமுண்டு. உடனே எம் பங்காளிகளையும் அத்தை மக்களையும் அழைத்து, குழாய்க் கருவியாற் குடலின் உட்புறத்தைச் சோதிக்கச் செய்தோம். யாமும் அச்சோதனைக்கு உட்பட்டோம். இருவர் குடலில் சிறு முளைகள் இருந்தன. அக்குழாய் வழியாகவே அவை நீக்கப்பட்டன, வயிற்றைக் கீறவில்லை. இம்முறையை 1969இல் நியூயார்க்கில் உல்ப், ஷின்யா என்னும் இருவர் தொடங்கிவைத்தனர். முளை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டளவு ஆகும். அப்பத்தாண்டும் நமக்குக் கிடைக்கும் தவணை. அவ்விருவரும் இன்று நலமாக இச்சபையில் அமர்ந்திருக்கிறார்கள்.

செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் 1924 முதல், குடலில் நூற்றுக்கணக்கான முளைகள் தோன்றும் ஒரு பரம்பரை நோய்க்கெனக் குடும்பக் கொடிவழிப் பதிவேடு ஒன்று நடந்துவருகிறது. பாட்டன் பெயர்கொண்டு பேரனை அழைத்துக் காக்கும் ஏடு அது. நம் சங்கத்திலும் ஏடுண்டு. எவர் எவ்வீட்டுப் பெண்ணை மணந்தார் என்று நான்கு தலைமுறை சொல்லும். எதனால் இறந்தார் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை. சம்பந்தம் கெட்டுவிடும் என்னும் அச்சத்தால் மறைக்கிறோம். மறைத்துத் தேடிய மருமகன் நாற்பதில் இறப்பாராயின் அச்சம்பந்தம் கெடவில்லையோ?

இன்னுமொன்று. சிலருக்குக் குடலை வயிற்றின்மேல் ஒரு வாயாகத் திறந்துவைத்து, மலத்தைப் பையில் ஏற்கவேண்டியதாகும். டென்மார்க்குத் தாதி எலிசா சோரென்சென் தம் தங்கையின் துயரங் காணப் பொறாது 1954இல் தோலில் ஒட்டும் பையைக் கண்டுபிடித்தார். சரியாகப் பொருத்திய பையில் நாற்றமில்லை. வேட்டியின் கீழ் இருப்பது பிறருக்குத் தெரியாது. எம்மிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் அப்பையோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து தொழிலையும் முன்போல் நடத்தினார். ஆயினும் தம் உறவினர் வீட்டு விருந்தில் அவருக்குப் பந்தியில் இலை போடவில்லை. திண்ணையில் தனியே போட்டனர். அன்றுமுதல் அவர் எவ்வீட்டுப் படியும் ஏறவில்லை. புற்று அவரைக் கொல்லவில்லை. நம்மவர் திண்ணை அவரைப் பாதி கொன்றது. நம் ஒவ்வொருவர் வயிற்றிலும் அதே பொருள் இருக்க, பை உள்ளே இருப்பவர் தூயர், வெளியே இருப்பவர் தீட்டர் என்பது என்ன நியாயம்?

ஆதலின் சங்கத்தாரிடம் யாம் வேண்டுவன நான்கு.

முதலாவது: மலத்தில் இரத்தம், மலப்போக்கில் நீடித்த மாறுதல், காரணமற்ற சோகை, இளைப்பு இவற்றுள் ஒன்று காணினும் மூலமென்று தாமே முடிவு கட்டாது வைத்தியரிடம் காட்டுக. நோயில்லாதவரும் 45 வயதுக்கு மேல் மறை இரத்தம் காணும் மலச்சோதனையைப் பற்றி வைத்தியரைக் கேட்டறிக. தாய், தந்தை, உடன்பிறந்தார்க்கு இப்புற்று இருந்ததாயின், 40 வயதிலோ அவர்க்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தியதோ அப்போது குழாய்ச் சோதனை செய்துகொள்க.

இரண்டாவது: ஒவ்வொரு வீட்டிலும், மாண்ட முன்னோர் எவ்வயதில் எந்நோயால் மாண்டனர் என்று ஒரு தாளில் எழுதிவைக்க. அது வீட்டாருக்கும் வைத்தியருக்கும் மட்டும் உரியது. சம்பந்தம் பேசுவோர் அதைக் காட்டிப் பெண்ணை மறுப்பாராயின் எழுதியவர் கை மறுபடி எழுதாது. அவ்வழக்கத்தைச் சங்கமே கண்டித்துத் தடுக்கவேண்டும்.

மூன்றாவது: வயிற்றிற் பை அணிந்த எவரையும் நம் வீட்டுப் பந்தியிலும், மணமேடையிலும், பூசையறையிலும் முன்போலவே நடத்துக.

நான்காவது: சங்க உபகாரச் சம்பளத்தில் ஒன்றை, சஸ்திர வைத்தியம் பயில விரும்பும் பெண்மக்களுக்கென ஒதுக்குக. எம் அத்தையார் போன்றோர் நாணாது சொல்ல ஒரு பெண் வைத்தியர் இவ்வூரில் வேண்டும். அவளுக்கு மாப்பிள்ளை தேடும்போது, எதில் நிபுணி என்று கேட்டு எவரும் ஜாதகத்தைத் திருப்பியனுப்பாதிருப்பாராக.

இவ்வளவு நேரம் முகஞ் சுளியாது கேட்ட உங்கள் பொறுமையே எமக்குப் பெருநம்பிக்கை தருகின்றது. கூட்டம் கலைந்தபின் யாம் இம்மண்டபத்தின் பின்னறையில் இருப்போம். தாய்மார்களுக்கென ஒரு பெண் வைத்தியரையும் அழைத்து வந்திருக்கிறோம். சொல்லக் கருதியும் சொல்லாதிருப்பவர் எவரேனும் இருப்பின் இன்றே வருக.