உடலே அளவுகோல்



திருப்பூரில் பனியன் தைக்கும் என் பழைய மாணவி ஒருத்தி புற்றுநோயால் இரு மார்பகங்களையும் இழந்தாள். செயற்கை மார்பகம் பொருத்தச் சென்றவள் பெரிய அளவையே விரும்பினாள். மருத்துவரோ அவளது நெஞ்சின் அகலத்தையும், தோலின் இழுபடும் தன்மையையும், தோலடித் திசுவின் தடிப்பையும் ஆராய்ந்த பின்னரே அளவு கூறினார்.

“துணியைப் பார்த்துத்தானே வெட்ட வேண்டும், ஐயா!” என்று என்னிடம் சொன்னாள்.

உண்மைதான். பொருத்தும் பை மிகப் பெரிதாயின் தோல் மெலியும்; மறு அறுவையும் நேரலாம். தக்க அளவாயினும் அது ஆயுள் முழுதும் நிலைப்பதன்று. பொருந்தாத பனியனைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். இதனை மாற்ற மீண்டும் கத்தி வேண்டும்.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை 2018-இல் இத்தகைய சிகிச்சையை ஏழைகளுக்கும் கட்டணமின்றி அளிக்க முன்வந்தது. பொருட்செலவு நீங்கினும், அளவறியும் பொறுப்பு நீங்குவதில்லை.