விதைநெல்லைக் காப்போம்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



"இனி என்ன நடக்கப் போகிறது?" என்னும் கேள்வியை இன்று வயல் வரம்பிலும் கேட்கின்றோம், நீதிமன்ற விறாந்தையிலும் கேட்கின்றோம். கேட்பவர் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. ஒன்றும் நடவாது என்ற முடிவுடனேயே கேட்கின்றனர். அவர்களைக் குறைகூற நாம் வரவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஏமாற்றத்தையே கண்ட மக்கள் களைத்துப் போவதில் வியப்பில்லை. ஆனால் களைப்பை அறிவென்று எண்ணி மயங்கலாகாது. அதனைச் சொல்லவே இம்மேடைக்கு வந்துள்ளோம்.

நம்பிக்கை என்பது பிறர் தரும் வாக்குறுதியை நம்பியிருப்பதன்று. 1957 யூலையில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. 1965 மார்ச்சில் டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தம் வந்தது. அதில் கூறப்பட்ட மாவட்ட சபைகள் அமைக்கப்படவேயில்லை. கையொப்பத்தை நம்பியிருந்தோர் அன்றே சோர்ந்தனர். தம் கோரிக்கையின் நியாயத்தை நம்பியோர் மறுநாளும் எழுந்து வேலை செய்தனர்.

எமது சட்டத் துறையிலிருந்து ஒரு சான்று கூறுவோம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. அரசாங்க எழுதுவினைஞர் சேவையிலிருந்த செல்லையா கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். அவருடைய சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். அச்சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என 1964இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்க ஊழியர் சம்பளம் கோரி முடிக்கெதிராக வழக்காட முடியாதென்று கூறி, 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம், வழக்காட முடியும் என்றது; ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்னும் மூலக் கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதற்கு விடை வரவேயில்லை. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு 29ஆம் பிரிவையே இல்லாமற் செய்தது.

இது தோல்விக் கதையன்றோ என்பீர்கள். வழக்கின் முடிவை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் ஒரு தமிழன் தன் மொழியிலேயே அரசாங்கக் கடமை செய்யக்கூடிய நாட்டை அவர் மனக்கண்ணிற் கண்டார். அந்நாட்டின் பிரசையைப் போலவே நடந்துகொண்டார். 1956இல் நடவாது எனப்பட்டதை, தமிழும் ஓர் அரச கரும மொழி என்று 1987இன் 13ஆம் திருத்தம் எழுதிவைத்தது. அதற்கிடையிற் சிந்திய இரத்தத்தை நாம் மறக்கவில்லை. எழுத்தில் உள்ளது கந்தோர் மேசைக்கு முழுமையாக வந்து சேரவில்லை என்பதையும் அறிவோம். ஆயினும், கேளாமலிருந்திருந்தால் எழுத்தும் வந்திராது.

கற்பனை என்றவுடன் அது புலவர்க்குரியது என்று ஒதுக்குவோருளர். கிணறு வெட்டுபவர் நீரைக் கண்ட பின்னரா மண்வெட்டியை எடுக்கிறார்? பனங்கொட்டை புதைப்பவர், அதன் பயனைப் பெறப்போவது தம் மக்களே என்று அறிந்துதான் புதைக்கிறார். இன்று இல்லாததை முன்கூட்டியே கண்டு, அதற்குரிய வேலையை இன்றே தொடங்குவதுதான் நாம் கூறும் கற்பனை.

1961 பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னே சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரல் 14ஆம் நாள், தந்தை செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுத் தபாற் சேவை தொடங்கப்பட்டது, முத்திரைகள் விற்கப்பட்டன. 17ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். ஒரு சிறு முத்திரையைக் கண்டு அரசு ஏன் அஞ்சியது? அதுவரை 'தாருங்கள்' என்று கேட்ட மக்கள், அன்று தாமே செய்து காட்டினர் என்பதனாலேயாம்.

இது பழங்கதை என்று எண்ணவேண்டாம். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவில், பிலக்குடியிருப்பு மக்கள் தம் காணிகளை மீட்க விமானப்படை முகாமின் முன்னே அமர்ந்தனர். தாய்மாரும் முதியோரும் சிறுவரும் இரவு பகலாக வீதியோரத்தில் இருந்தனர். ஒரு மாதத்தில், மார்ச் 1ஆம் நாள், காணிகள் விடுவிக்கப்பட்டன. கேப்பாப்புலவின் ஏனைய காணிகளுக்கான போராட்டம் அதன் பின்னரும் தொடர்ந்தது. வேலிக்கப்பால் நின்ற தம் மரங்களைத் தமதென்றே எண்ணியிருந்தமையே அவர்களின் பலம்.

பெரியோர்களே! கசப்பான ஒன்றையும் சொல்லியாகவேண்டும். எம் கற்பனை சில வேளைகளிற் குறுகியதுண்டு. தமிழுரிமை பேசிய அதே மண்ணில், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அடைக்கப்பட்டது. 1990 அக்டோபரில், வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். அடுத்த வீட்டானுக்கு இடமில்லாத விடுதலை எவருக்கும் விடுதலையாகாது. நாம் காணும் நாட்டில் அவர்களின் வீடும் கிணறும் கோயிலும் பள்ளிவாசலும் இல்லையெனின், எம் கனவைத் திருத்தவேண்டியவர் நாமே.

ஆகவே இக்கூட்டத்தின் முன் ஒரு வேலையை வைக்கின்றோம். நாளை எம் காணியும் நீரும் கல்வியும் எம் கைக்கு வருமாயின், முதலாண்டில் யாது செய்வோம் என்பதை ஒவ்வோர் ஊரும் கூடியிருந்து எழுதவேண்டும். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லுக்கடியிலுள்ள நன்னீரை எவ்வாறு காப்பது? வன்னிக் குளத்து வாய்க்காலில் தண்ணீரை எவ்வாறு பங்கிடுவது? காணியற்றவருக்குக் காணி எங்கே? இவற்றைக் கமக்காரர் சொல்லட்டும். ஆசிரியரும் வைத்தியரும் பொறியியலாளரும் தத்தம் துறையைச் சேர்க்கட்டும். சட்ட வடிவில் எழுதித்தரும் வேலையை எம்மைப் போன்றோர் ஏற்கின்றோம். பெண்களும் காணியற்ற குடும்பத்தினரும் அமராத கூட்டத்தில் எழுதப்பட்டதை ஊரின் எண்ணம் என்று ஒப்புக்கொள்ளோம்.

தமக்கு வேண்டியதை விவரமாக அறியாத மக்களுக்குப் பிறர் கொடுப்பதே அளவாகிவிடும். அறிந்தவரை அரைகுறையால் ஏமாற்ற முடியாது.

எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்காத கமக்காரர் இங்கே இருக்கிறீர்கள். பசியில்லாமலா அதை விட்டுவைத்தீர்கள்? அடுத்த மழையை நினைத்தல்லவா விட்டுவைத்தீர்கள்! எம் மக்களின் நம்பிக்கையும் அத்தகையதே. அதனைக் காப்போம், காலத்தில் விதைப்போம்.