விடுமுறைக்குப் புறப்படும் மிதிவண்டிகள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்த அவையிலே பொறியாளர் உளர், ஆசிரியர் உளர், கவி பாட வல்லாரும் உளர். பத்தாம் வகுப்புத் தேறிப் பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் நமக்கு இங்கே என்ன வேலை என்று செயலாளரிடம் கேட்டோம். “மூட்டை கட்டுவதைப் பற்றியே பேசுங்களேன்” என்றார். நல்லது. எது எப்படிக் கட்டினால் ஒழுங்காகப் போய்ச் சேரும், எது வழியில் அவிழும் என்பதை இருபது ஆண்டுக்கு மேலாக நாள்தோறும் பார்த்து வருகிறோம். ஆகவே, விடுமுறைக்குப் போகும்போது நம் குடும்பங்கள் வண்டியின் மேலும் பின்னும் கட்டிச் செல்லும் மிதிவண்டிகளைப் பற்றிச் சில சொற்கள்.

முன்னெல்லாம் நம் காலனியில் கார் வைத்திருந்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று பொலேரோவும் ஸ்கார்ப்பியோவும் தாரும் வேப்பமர நிழலில் வரிசையாக நிற்கின்றன. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வகை வண்டிகளும் அவற்றுள் உண்டு. விடுமுறை வந்தால் நாகபுரியிலிருந்து சிந்த்வாடா, தாமியா, மட்குலி வழியாகப் பச்மடிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் பயணம். வண்டியில் இடம் இருக்கிறதே என்று பிள்ளைகளின் மிதிவண்டிகளும் உடன் வருகின்றன. அவற்றுள் சில, 1949-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தாரின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் என்பதில் நமக்குச் சிறிது ஊர்ப்பற்றும் உண்டு, அது நிற்க.

பச்மடியில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்குமே, எதற்குச் சுமக்க வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். பெரியவர்க்கு அது போதும். ஏழு வயதுக் குழந்தைக்கோ தன் வண்டியின் இருக்கை உயரமும் பிரேக்கின் பிடியும் பழகியவை. அறியாத வண்டியில் ஏற்றி அறியாத சாலையில் விடுவது நன்றன்று. பச்மடியோ ஆயிரம் மீட்டருக்கு மேல் அமைந்த மேட்டுநிலம். ஏரிக்கரையிலிருந்து பாண்டவர் குகைப் பக்கம் மரநிழலிலே மெல்ல மிதித்துச் செல்லலாம். 1,350 மீட்டர் உயரமுள்ள தூப்கட் சிகரத்துக்கு உள்ளூர் ஜிப்சி வண்டிகளை அமர்த்திக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது. நாம் பெருமையோடு ஓட்டிச் சென்ற பெரிய வண்டி அன்று விடுதி வாயிலில் நிற்கும், பிள்ளைகளின் சிறு வண்டிகளோ ஊரெல்லாம் சுற்றும்!

ரயிலில் கொண்டு போகலாகாதோ என்பது அடுத்த கேள்வி. ரயில்வே உப்பைத் தின்னும் நாம் ஆகாது என்போமா? ஆனால் மிதிவண்டிக்கு இலவச எடைச் சலுகை கிடையாது. லக்கேஜாகப் பதிந்து பிரேக் வானில் ஏற்ற வேண்டும். இடார்சியில் மாறிப் பிபரியாவில் இறங்கினாலும், அப்பால் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை இருக்கிறது. அங்கே எப்படியும் ஒரு ஜீப்பின் கூரை மேல்தான் ஏற்றியாக வேண்டும்.

ஆகவே கேள்வி எடுத்துச் செல்லலாமா என்பதன்று; எப்படிக் கட்டுவது என்பதே. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? தாமியா மலைச்சாலையில் நமக்கு முன்னே சென்ற ஒரு வண்டியின் பின்புறத்திலிருந்து குழந்தையின் மிதிவண்டி ஒன்று அவிழ்ந்து விழக் கண்டோம். பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு கணவனும் மனைவியும், நடுவே ஒரு குழந்தையும். மயிரிழையில் தப்பினர். மிதிவண்டிக்கு உடையவர்களோ அடுத்த தேநீர்க்கடை வரையில் ஒன்றும் அறியாமலே போயினர். நம் சுமை விழுந்தால் அடிபடுவது பெரும்பாலும் நாமல்ல. பின்னே வரும் எவரோ.

முதலில் கணக்கு. தாய் தந்தை இருவர், பிள்ளைகள் இருவர். பெரியவர் மிதிவண்டி ஒன்றுக்கு 18 கிலோ, சிறுவர் வண்டிக்கு 12 கிலோ எனக் கொள்வோம். நான்கும் சேர்ந்து 60 கிலோ. கூரைமேல் பொருத்தும் இரும்புக் கேரியர் 20 கிலோ. ஆக 80. கூரை தாங்கும் எடை இவ்வளவு என்று வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பார்கள். அது 75 கிலோ என்றால், நான்கையும் மேலே ஏற்றியவர் புறப்படுமுன்பே எல்லை மீறிவிட்டார். கேரியரின் எடையும் கூரைக் கணக்கில் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பார்சல் அலுவலகத்தில் கோணிச்சாக்கின் எடையைத் தள்ளிவிட்டா கட்டணம் போடுகிறோம்?

இப்போது வேறு வகையாகப் பிரித்துப் பாருங்கள். ஏழு இருக்கை வண்டியில் நால்வர் செல்லும்போது கடைசி இருக்கை மடிந்து கிடக்கிறது. பெரியவர் வண்டிகள் இரண்டின் முன்சக்கரங்களையும் கழற்றி, பழைய கம்பளம் விரித்து, சங்கிலிப் பக்கம் மேலே வரும்படி உள்ளே படுக்க வைக்கலாம். சிறுவர் வண்டிகள் இரண்டும் கூரைமேல்: கேரியரோடு 44 கிலோ. கணக்கு நேராகிவிட்டது. உள்ளே வைத்ததையும் கட்டியே தீர வேண்டும். கட்டாவிடில், திடீரெனப் பிரேக் அடிக்கும்போது முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தலைமேல் அது வந்து விழும். பெடல்களையும் கழற்றிவிடுவது நலம். இடப்பக்கப் பெடலின் மரை மாறு திசையில் சுற்றும். அதை அறியாமல் ஸ்பானரோடு மல்லுக்கட்டி மரையைக் கெடுத்தவர் பலர்.

இங்கே தாய்மார் பக்கம் திரும்பி ஒன்று சொல்ல வேண்டும். நான்கு வண்டி என்று நாம் கணக்கிட்டோம். ஆனால் புறப்படும் காலையில் பார்த்தால் ஏற்றப்படுவது மூன்றே. விட்டுப் போவது யாருடையது என்பதைக் கேட்க வேண்டுவதில்லை. “எனக்கெதற்கு, நான் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நாமும் இடமில்லை என்று தலையாட்டிவிடுவோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அந்தப் பக்கத்திலிருந்து மணமாகி இங்கு வந்தோரும் நம் காலனியில் இருக்கின்றனர். அவர்களுடைய வண்டிகள் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிக்கின்றன. இடமில்லை என்பது உண்மையன்று என்பதை மேற்படி கணக்கே காட்டும். விடுதியில் பைகளுக்குப் பூட்டு இருக்கிறது.

கூரைமேல் ஏற்றினால் உயரத்தை நினைவில் வைக்க வேண்டும். இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வண்டியின்மீது மிதிவண்டி நிமிர்ந்து நின்றால் மூன்று மீட்டரை நெருங்கும். விடுதி முகப்பு, தாழ்ந்த கிளை, ரயில் பாதையின் அடியே செல்லும் குறை உயரச் சுரங்கப்பாதை ஆகிய இடங்களில் பலகையில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு நுழையுங்கள். நம் வண்டியின் மொத்த உயரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் எதிரே ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

பின்புறம் தொங்கவிடுவது எளிது. ஆனால் நமக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஸ்டெப்னி சுமக்கும் கதவின் கீல்மேல் இன்னும் பாரம் ஏறுகிறது. விளக்கும் எண் தகடும் மறைகின்றன. ஐரோப்பாவில் இத்தகைய கேரியர்களில் தனி விளக்கும் தனி எண் தகடும் அமைத்துக்கொள்கின்றனர். இங்கேயோ 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்புத் தகட்டைக் கழற்றி மாட்ட இயலாது. வண்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ அளவு மீறிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். பின்னால்தான் கட்டியாக வேண்டுமென்றால், ஒரே ஒரு சிறு வண்டி. விளக்கும் எண்ணும் தெரியவேண்டும். டயர் புகைக்குழாய்க்கு எட்டி இருக்கவேண்டும். சோற்றுத் தூக்கு கதவுக்குப் பின்னே அகப்பட்டுக்கொண்டு, பசித்த பிள்ளைகளோடு நடுவழியில் முடிச்சவிழ்த்தவர்களும் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லமாட்டோம், முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கயிற்றைப் பற்றி. ரப்பர்க் கயிறு நீளும், நீளுவது கட்டாகாது. அது போர்வையைப் பிடிக்க உதவும், மிதிவண்டியைப் பிடிக்காது. இறுக்கிப் பூட்டும் ராட்செட் பட்டையே வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு பட்டை, வெவ்வேறு இடத்தில். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். ஹாண்டில் பார் திரும்பாதபடி தனியே ஒரு கட்டு. பட்டையின் நுனி காற்றில் படபடத்தால் தானே தளரும், அதையும் செருகிவிடுங்கள். வேகம் இருமடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். ஆகவே 40-இல் அசையாத சுமை 80-இல் ஆடுவதில் வியப்பில்லை. புறப்பட்டுப் பத்துக் கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திக் கைவைத்து அசைத்துப் பாருங்கள். பிறகு சிந்த்வாடாவில் ஒருமுறை. மலையேறுமுன் மட்குலியில் ஒருமுறை.

நான்கு சக்கர இழுவை உள்ளவர்கள் அதை நம்பி வேகம் கூட்டுவதைப் பார்க்கிறோம். அது சேற்றில் இழுக்கும், மேட்டில் ஏற்றும். பிரேக்குக்கு அதனால் கூடுதல் வலிமை வந்துவிடாது. கூரையில் சுமை ஏறிய உயர்ந்த வண்டி வளைவில் சாயும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கவேண்டும் என்ற பழைய மலைப்பாதை விதி தாருக்கும் பொருந்தும்.

சங்க அறை அலமாரியில் எட்டு ராட்செட் பட்டைகளும், பெடல் கழற்றும் ஸ்பானர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். நூலகப் புத்தகம் போலவே கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். திருப்பித் தரும்போது ஈரம் இல்லாமல் உலர்த்திச் சுருட்டித் தாருங்கள். தீபாவளி விடுமுறைக்கு இப்போதே மூன்று வீட்டார் பெயர் எழுதியிருக்கின்றனர்.