வீடு தேடி வந்த செல்லா



வழமையாக இந்த நேரத்தில் வரிப் படிவம், ஓய்வூதியம், வாடகை ஒப்பந்தம் என்றுதான் உங்களோடு கதைப்பேன். இந்த மாதம் ஒரு நாயைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கணக்காளருக்கும் நாய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கடைசியில் கணக்கும் வரும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2022 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள், இரவுச் சாப்பாட்டின்போது என் மகள் கேட்டாள்: "அப்பா, நாங்கள் ஒரு நாய் எடுப்பமா?" மூன்றாம் மாடி, சின்ன வீடு, ஐந்து பேர், நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் மனதில் இருந்த காரணம் வேறு.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் இலட்சக்கணக்கான சனம் வெளிக்கிட்ட அந்த நாளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு சைக்கிள், ஒரு மூட்டை அரிசி, என் பட்டச் சான்றிதழ் இருந்த கோவை, இவ்வளவுதான் எங்கள் கையில். எங்கள் நாய் ஜிம்மி படலை வரை வந்தது. அப்பா அதன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டார். "கட்டினபடி கிடந்து சாகக்கூடாது" என்றார். சனத்துக்குள்ளால் எங்கள் பின்னே கொஞ்சத் தூரம் ஓடி வந்தது. பிறகு காணவில்லை.

அப்பா கண்மூடும் வரை ஜிம்மியின் பெயரை எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை. அத்தனை சனம் மழைக்குள் தெருவில் நிற்கும்போது ஒரு நாயை நினைத்து அழுவதற்கு எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாயே வளர்க்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு பீதோ என்ற நாயின் கதையை வாசித்தேன். புளோரன்ஸ் நகருக்கு அருகே முஜெல்லோ பகுதியில், 1941 இல், தெருவோரக் கானுக்குள் காயத்தோடு கிடந்த நாயை கார்லோ சொரியானி என்ற தொழிலாளி தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தார். அவர் வேலையால் திரும்பும் பேருந்துக்காக அது தினமும் தரிப்பிடத்தில் காத்திருக்கும். 1943 டிசம்பர் 30 அன்று விமானக் குண்டுவீச்சில் அவர் இறந்துபோனார். பீதோ 1958 இல் சாகும் வரை, பதினான்கு வருடங்களுக்கு மேலாக, அதே பேருந்துக்குக் காத்திருந்தது. அதன் சிலை போர்கோ சான் லொரென்சோ என்ற ஊரில் இன்றும் நிற்கிறது. ஆள் வராததற்குக் காரணம் குண்டு என்று அந்த நாய்க்கு யார் சொல்வது? வாசித்து முடித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

மகள் விடவில்லை. இரண்டு மாதம் கழித்து, பலெர்மோ நகரசபையின் நாய்க் காப்பகத்துக்குப் போனோம். இத்தாலியில் 1991 ஆம் ஆண்டின் 281 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பிடிபட்ட தெருநாய்களைக் கொல்ல முடியாது. தீராத நோயோ, நிரூபிக்கப்பட்ட ஆபத்தோ இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. அறுபது நாட்களுக்குள் உரிமை கோரி எவரும் வராவிட்டால், விரும்பியவருக்கு வளர்க்கக் கொடுக்கலாம்.

உள்ளே எல்லா நாய்களும் கம்பியில் பாய்ந்து குரைத்தன. ஒன்று மட்டும் மூலையில் சுவரைப் பார்த்தபடி இருந்தது. மண்ணிறம், முன்கால் ஒன்று முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. வாகனம் அடித்துத் தெருவில் கிடந்ததாம். பெயர் ஸ்தெல்லா, நட்சத்திரம் என்று பொருள். மகள் கீழே குந்தியிருந்து அரைமணி நேரம் பேசாமல் காத்திருந்தாள். அது மெல்ல வந்து அவள் விரலை மணந்து பார்த்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

வந்த முதல் கிழமை அது கதவடியை விட்டு அசையவில்லை. நாங்கள் பார்த்தால் சாப்பிடாது. விளக்கை அணைத்த பிறகுதான் கோப்பை காலியாகும். எந்த நேரமும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து, பெட்டியைக்கூட அவிழ்க்காமல் இருந்த எங்கள் முதல் மாதங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

அதை வழிக்குக் கொண்டுவந்தவர் என் அம்மா. அப்பா இறந்த பிறகு எங்களோடு இருக்க வந்தவர். பாஷை தெரியாத ஊரில் பத்து வருடமாக வீட்டுக்குள்ளேயே இருந்து, கதையே குறைந்து போயிருந்தார். ஸ்தெல்லா என்று அவருக்கு வாயில் வராது. "செல்லா" என்றுதான் கூப்பிட்டார். குசினியில் வெங்காயம் உரித்தபடி அதனோடு ஊர்க்கதை எல்லாம் சொல்வார். செல்லா தலையைச் சரித்துக் கேட்கும். ஒரு மாதத்தில் அது "வா", "இரு", "பொறு", "போதும்" எல்லாம் பழகிவிட்டது. இத்தாலி மொழியில் சொன்னால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால், தமிழில் கேட்டால் இத்தாலி மொழியில் பதில் சொல்லும் என் மகன், நாயைக் கூப்பிடுவதற்காகத் தமிழ் கதைக்கத் தொடங்கினான். சொல் வராதபோது, "அப்பம்மா, இதுக்கு என்ன சொல்லுறது?" என்று ஓடுவான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பால் முடியாதது நாயால் முடிந்தது என்று மனைவி சொல்லிச் சிரிப்பார்.

இனி நான் சொல்ல வந்த இரவுக்கு வருகிறேன். 2023 ஜூலை 14, சாந்தா ரொசாலியாவின் திருவிழா. 1624 இல் வந்த கொள்ளைநோயிலிருந்து இந்த நகரைக் காத்தவர் என்று பலெர்மோ மக்கள் நம்பும் புனிதை. எங்கள் சனமும் சைவம், வேதம் என்று பாராமல் மொந்தே பெல்லெகிரினோ மலையேறிக் கும்பிடும் தாய். திருவிழா இரவில் கடற்கரையில் வாணவேடிக்கை நடப்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் எங்களில் பலருக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அம்மா இங்கே வந்த முதல் வருடம், வாணம் வெடித்தவுடன் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

அன்று முதல் வெடி கேட்டதும் செல்லா கட்டிலுக்குக் கீழே ஓடியது. உடம்பெல்லாம் நடுங்க, இருந்த இடத்திலேயே சலம் போய்விட்டது. பிள்ளைகள் கூப்பிட வரவில்லை. குளியலறைக் கதவு திறந்தது. முழங்கால் வருத்தக்காரியான அம்மா, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நிலத்தில் இருந்து, கட்டிலுக்குக் கீழே கையை விட்டார். "ஒண்டுமில்லைப் பிள்ளை. இது ஷெல் இல்லை, வாணம். இப்ப முடிஞ்சிடும்" என்றார். பங்கருக்குள் எங்களை அணைத்துக்கொண்டு சொன்ன அதே குரல். கடைசி வாணம் ஓயும் வரை அவர் எழும்பவில்லை. செல்லா ஊர்ந்து வந்து அவர் மடியில் தலை வைத்தது.

எல்லாம் அடங்கிய பிறகு, அதன் காதைத் தடவியபடி அம்மா சொன்னார்: "தம்பி, எங்கடை ஜிம்மிக்கும் ஆரும் ஒரு வாய் சோறு குடுத்திருப்பினம்." இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு அம்மா முன்கூட்டியே ஆயத்தம். யன்னல்களைச் சாத்தி, இந்த வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு, செல்லாவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுவிட்டார். அம்மா குளியலறைக்குள் போகவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நாய் செலவுதான். மிருகவைத்தியரின் செலவை உங்கள் வருடாந்த 730 படிவத்தில் காட்டலாம். வருடத்துக்கு 550 யூரோ வரையான செலவில், முதல் 129.11 யூரோவைக் கழித்து, மீதியில் 19 வீதம் திரும்பும். கூட்டிப் பார்த்தால் ஆகக்கூடியது 80 யூரோதான். காசாகக் கொடுக்காமல் வங்கி அட்டையால் செலுத்திப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். நாய்க்குச் சிப் பொருத்திப் பதிவு செய்வது கட்டாயம்.

2013 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மாடிக் குடியிருப்பின் ஒழுங்குவிதி வீட்டுப் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது. ஆனால் உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் தடை எழுதியிருக்கலாம். முதலில் அதை வாசியுங்கள். கோடையில் மணல் ஈ பரப்பும் லெயிஷ்மனியா நோய் சிசிலியில் உண்டு. அதற்குரிய கழுத்துப்பட்டியை வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் பிறந்தநாள் பரிசு என்று நினைத்து நாய் எடுக்காதீர்கள். இருவரும் பன்னிரண்டு மணி நேரம் வேலைக்குப் போய், வீட்டில் எவரும் இல்லாவிட்டால் வேண்டாம். ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பது என்பதை எடுக்க முன்பே தீர்மானியுங்கள். நாயைக் கைவிடுவது இங்கே குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் யூரோ வரை தண்டம். சட்டம் இருக்கட்டும், ஒருமுறை கைவிடப்பட்ட சீவனை மறுபடி கைவிடுவது பாவம்.

ஆனால் நேரமும் மனமும் உள்ளவர்கள் ஒருமுறை காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். குரைத்துப் பாய்கிறவற்றை மட்டும் பாராமல், மூலையில் இருப்பதையும் பாருங்கள். எங்களுக்கும் ஒருகாலத்தில் யாரோ கதவு திறந்தார்கள். இன்று எங்களிடமும் ஒரு கதவு இருக்கிறது.

இப்போது மாலை ஆறு மணி. அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பார், செல்லா வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நானும் போகவேண்டும். மீண்டும் அடுத்த மாதம் வரிப் படிவத்தோடு சந்திப்போம்.