பதிவேட்டைச் சுமந்து நடந்தவர்கள்



இந்தச் சுகாதார மாநாட்டின் அழைப்பிதழைக் கண்டதும், "மாநாட்டுக்குக் கீரிமலையா?" என்று பலர் கேட்டார்கள். நகரத்தில் குளிரூட்டிய மண்டபங்கள் இருக்க, அந்தியேட்டிக்கு வருகிற ஊரில் ஆய்வரங்கு எதற்கு என்பது அவர்களுடைய நியாயமான சந்தேகம். விடிகாலையில் கேணியில் முழுகிவிட்டு வந்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். சிலருக்குத் தலை இன்னும் காயவில்லை என்பது மேடையிலிருந்தே தெரிகிறது.

கீரிமுகம் நீங்கிய நகுல முனிவரையும், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியையும் பற்றிய கதைகளைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நோயோடு வந்து சுகத்தோடு திரும்பும் ஊர் என்ற பெயர் கீரிமலைக்கு நம் யாழ்ப்பாண மருத்துவ பீடம் பிறந்த 1978க்கு எத்தனையோ தலைமுறை முந்தியது. கேணிக்குள் ஊறுவது மாயநீர் அல்ல. வலிகாமத்துச் செம்மண்ணில் பெய்கிற மழை சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் இறங்கி, நிலத்துக்கு அடியால் வந்து, கடலுக்குப் பத்தடி முன்னே நன்னீராகத் தலைகாட்டுகிறது. அது வந்த வழியை யாரும் பார்ப்பதில்லை. இன்று நான் பேசப்போவதும் அப்படி யாரும் பார்க்காத ஒன்றைப் பற்றித்தான்.

1990 ஜூனில் யுத்தத்தால் இந்த ஊர் காலியானது. வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதோடு தெற்கே நடந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நகுலேஸ்வரர் கோயில் மீது குண்டு விழுந்தது. பிறகு இது உயர்பாதுகாப்பு வலயமானது. ஓரிரு மாதத்தில் திரும்பலாம் என்று போனவர்களில் பலருக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டு ஆயிற்று. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையங்களில் பிறந்த பிள்ளைகள் அங்கேயே கல்யாணமும் முடித்தார்கள். அவர்கள் தகரக் கொட்டிலில் இருந்த காலத்திலேதான் இந்தக் கடலோரத்தில் ஜனாதிபதிக்கு ஒரு மாளிகையும் எழும்பியது. அதைப் பற்றி மேலே சொல்ல இது மேடை அல்ல.

ஊரே இடம்பெயரும்போது சுகாதார சேவைக்கு என்ன ஆகிறது? கட்டடம் நின்ற இடத்தில் நின்றுவிடும். உபகரணங்களையும் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அப்படியானால் இடம்பெயர்வது எது? 1995 அக்டோபர் 30 இரவு நடந்த பெரும் இடப்பெயர்வில் எனக்கு இதற்கு விடை கிடைத்தது. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம், ஒற்றை வீதி, விடாத மழை. எனக்கு முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு மருத்துவ மாது போனார். பின் கரியரில் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றிய ஒரு பொதி. நகையாக்கும் என்று நினைத்தேன். கைதடியில் ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கியபோது பொதியை அவிழ்த்து நனைந்திருக்கிறதா என்று பார்த்தார். அவருடைய பிரிவின் கர்ப்பவதிகள் பதிவேடும் தடுப்பூசிப் பதிவேடும் உள்ளே இருந்தன. "இதில ஏழு பேருக்கு இந்த மாசம் திகதி, ஐயா. எங்க நிக்கினம் எண்டு தேடவேணும்" என்றார். தன் வீட்டிலிருந்து என்ன எடுத்து வந்தார் என்று நான் கேட்கவில்லை.

சுகாதாரக் கட்டமைப்பு என்று நாம் பெரிய எழுத்தில் எழுதுவது அந்தப் பொதியைத்தான். 1926இல் களுத்துறையில் ஆரம்பித்த சுகாதாரப் பிரிவு முறை, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர், மருத்துவ மாது என்று வகுத்துவைத்தது. யுத்தம் முப்பது ஆண்டு இந்த வலையை இழுத்துப் பார்த்தும் அது முழுதாக அறுந்துபோகவில்லை. ஒரு காரணம் மிகச் சாதாரணமானது: விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலும் சுகாதார ஊழியர் அரசாங்க ஊழியராகவே இருந்தார்கள். சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. மருந்து குறைவாக வந்தது, தாமதமாக வந்தது, தடைப்பட்டியலில் சிக்கியது. ஆனாலும் பதவி ஒழிக்கப்படவில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவே கிழியாமல் இருந்த நூல்களில் இது ஒன்று. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதை வியப்போடு எழுதுகிறார்கள். அதற்குள் வேலை செய்தவர்களுக்கு அது மாதச் சம்பளத் துண்டு.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்திலும் தடுப்பூசி போட்டோம். 1990களின் நடுவில் போலியோச் சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்த நாட்கள் உண்டு. 1993க்குப் பிறகு இலங்கையில் ஒரு போலியோ நோயாளியும் பதிவாகவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. காடும் குளமும் அகதி முகாமுமாக இருந்த வடக்கில் இரத்தப் பூச்சு எடுத்துத் திரிந்தவர்கள் இல்லாமல் அந்தச் சான்றிதழ் வந்திராது. விழா மேடையில் அவர்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். 1987 அக்டோபர் 21ஆம், 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் நடத்திய கொலைகளில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் ஊழியர்கள். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் மறுநாள் காலை கைகளை உயர்த்தியபடி வெளியே வந்து சுடப்பட்டார். 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், புதுமாத்தளன் பாடசாலைக் கட்டடத்தில் விறாந்தையிலே சத்திரசிகிச்சை நடந்தது. அந்தக் கரையோரத்திலிருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரையும் உடன் வந்தோரையும் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றிச் சென்றது. கடைசிவரை அங்கே நின்ற வைத்தியர்கள் பிறகு தடுத்துவைக்கப்பட்டதையும் இச்சபை அறியும். 'தாங்குதிறன்' என்ற சொல் இப்போது எல்லா அறிக்கையிலும் வருகிறது. எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் அலர்ஜி. சம்பளமும் பாதுகாப்பும் கொடுக்கவேண்டிய இடத்தில் பாராட்டைக் கொடுத்து முடித்துவிட அது வசதியாக இருக்கிறது.

யுத்தத்துக்குப் பிறகு என்ன செய்தோம்? கட்டினோம். பல கட்டடங்கள் தேவையானவை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை தென்னிலங்கையரும் நம்மவரும் 27 நாள் நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதுவரை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பயணம் போய்வந்த நோயாளிக்கு அதன் அருமை தெரியும். ஆனால் நிதி கொடுப்பவருக்குப் பெயர்ப்பலகை பதிக்க ஒரு சுவர் வேண்டும். மருத்துவ மாதுவின் வெற்றிடத்தை நிரப்பினால் எங்கே பலகை பதிப்பது? அதனால்தான் விடுதி கட்டி, தாதி இல்லாமல் பூட்டி வைத்தோம். யுத்த காலத்தில் ஊதியமின்றியோ சொற்ப ஊதியத்துக்கோ வேலை செய்த சுகாதாரத் தொண்டர்கள், யுத்தம் முடிந்து ஆண்டுக்கணக்காகியும் நிரந்தர நியமனம் கேட்டு வீதியோரத்தில் பந்தல் போட்டு இருந்தார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியர்கள் விமானம் ஏறத் தொடங்கியபோது, இந்தத் தொண்டர்கள் எங்கேயும் போகவில்லை.

ஊரிலே நிற்கிறவரைத்தான் நம்பமுடியும் என்பது புதிய பாடமும் அல்ல. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவன் உத்தியோகம் தேடிப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரிலே நிற்பான் என்பது அவர் கணக்கு. அவருடைய கலைச்சொற்களைப் பற்றி நம் பீடத்தில் ஆய்வுகள் உண்டு. இந்த ஆளணிக் கணக்கை யாரும் ஆராயக் காணோம்.

மனநலத்துக்கு வருகிறேன். யுத்தம் முடிந்த சில மாதங்களில் யாழ். மாவட்டத்தில் நடந்த கணிப்பொன்று நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவை 7 வீதத்தினரிலும், மனச்சோர்வை 22 வீதத்தினரிலும், பதகளிப்பை 33 வீதத்தினரிலும் கண்டது. எல்லோரும் பேசுவது அந்த முதல் எண்ணைத்தான், அதற்குத்தான் நிதியும் வந்தது. மற்ற இரண்டோடும் வருகிறவர்கள் நெஞ்சு நோகுது, தலை சுத்துது என்று வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நிற்கிறார்கள். பனடோல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், கிராமத்து ஆசிரியரையும் சுகாதார ஊழியரையும் பயிற்றி, நம் சடங்குகளுக்கும் இடம் கொடுத்து, சமுதாயம் சமுதாயமாகக் குணப்படுத்தவேண்டும் என்று பல காலமாகச் சொல்லிவருகிறார்.

ஆடி அமாவாசையில் இங்கே வந்து பாருங்கள். தகப்பனுக்கு எள்ளும் நீரும் இறைக்க ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். படிக்கட்டின் ஓரத்தில் சில பெண்கள் கடலைப் பார்த்தபடி சும்மா இருப்பார்கள். மகன் காணாமற்போனவன், கடன் செய்தால் அவன் செத்தான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும், செய்யாவிட்டால் மனம் ஆறாது. இவர்களை எந்தக் கிளினிக் கொப்பியில் எந்த நோயின் கீழ் பதிவது என்று எனக்குத் தெரியவில்லை. நாளை மாலை அமர்வில் அதைப் பேசுவோம்.

இப்போது முதல் அமர்வு. நிகழ்ச்சிநிரலில் முதற்பெயர் ஓய்வுபெற்ற ஒரு குடும்பநல மருத்துவ மாதுவுடையது. அவர் படவில்லைகள் கொண்டுவரவில்லை. ஒலிவாங்கியைச் சற்றுத் தாழ்த்திவிடுங்கள். கையில் இருக்கும் கொப்பியைத்தான் வாசிக்கப்போகிறார். பக்கங்கள் சில மழையில் ஒட்டியிருக்கின்றன, பிரிக்க நேரமாகும். பொறுத்திருப்போம். அம்மா, வாருங்கள்.