கோட்டில் நிற்கும்போதே தோற்க வேண்டாம்

(தோட்டப் பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சி நாளில், பெற்றோரும் கூடியிருந்த வேளை நிகழ்த்திய உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. விறகுக்குப் போகவும் துணி துவைக்கவும் உங்களுக்குக் கிடைக்கிற ஒரு நாள். அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

முதலில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்துப் பிள்ளை 800 மீற்றர் ஓட்டத்தில் கோட்ட மட்டத்தில் முதலாவதாக வந்து, வலய மட்டப் போட்டிக்குப் போனாள். நாங்களும் கூடப் போனோம். கோட்டில் வந்து நின்ற டவுன் பிள்ளைகளின் காலில் ஸ்பைக்ஸ் சப்பாத்து. நம்ம பிள்ளை வெறுங்கால். ஓடி முடித்தபோது கடைசிக்கு முதலாவது ஆள் அவள்தான்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டோம்.

"அவங்களப் பாத்ததும் கால் வெறச்சுப் போச்சு சேர்" என்றாள்.

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பரவாயில்ல, தோட்டத்துப் புள்ள இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம்" என்றோம். அதுவரை அழாதிருந்த பிள்ளை அப்போதுதான் அழுதாள்.

தோற்றதற்காக அவள் அழவில்லை. எங்கள் வார்த்தைக்காக அழுதாள். 'உனக்கு இவ்வளவுதான்' என்று நாங்களே ஒரு கோடு கிழித்துவிட்டோமே! பிள்ளைகளின் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது, பெரியவர்களாகிய நாம் நம்முடைய வாயைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று அன்றைக்குப் படித்துக்கொண்டோம்.

சரி, தன்னம்பிக்கை என்றால் என்ன? "நான்தான் ஜெயிப்பேன்" என்று வாயால் சொல்வதா? அது வீம்பு. அம்மாமாரைக் கேட்கிறோம்: மாதக் கடைசியில் சம்பளத்தில் ஒரு பேர் குறைந்தால் எப்படித் தைரியமாகப் போய்க் கேட்கிறீர்கள்? எத்தனை நாள் வேலை செய்தோம், எத்தனை கிலோ கொழுந்து போட்டோம் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. கணக்கு இருக்கிறவருக்குப் பயமில்லை. ஓடுகிற பிள்ளைக்கும் அப்படித்தான்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு கொப்பி கொடுத்தோம். 50 மீற்றர் நாடாவைத் தோட்டப் பாதையில் பதினாறு தடவை வைத்து அளந்து, 800 மீற்றருக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்தோம். வாரத்தில் ஒரு நாள் நேரம் பார்த்து ஓட்டம். ஓடிய நேரம், மழையா வெயிலா, என்ன சாப்பிட்டாள், எந்த இடத்தில் மூச்சு வாங்கியது எல்லாவற்றையும் அவளே எழுதினாள். அடுத்தவரைத் தோற்கடிப்பது அன்று இலக்கு இல்லை. போன மாதத்து நேரத்தில் இரண்டு செக்கன் குறைந்தால் போதும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதுதான்.

வெறுங்கால் என்று வெட்கப்படுகிற தம்பி தங்கைகள் இதைக் கேளுங்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் எதியோப்பியாவின் அபேபே பிகிலா மரதன் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் தங்கம் வென்றார். கிடைத்த சப்பாத்து காலுக்குச் சரிப்படவில்லை, வெறுங்காலோடு பழகியிருந்தார், பழகியபடியே ஓடினார். 1964இல் டோக்கியோவில் சப்பாத்துப் போட்டு ஓடி மறுபடியும் வென்றார். சப்பாத்து வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கிடைத்தால் போடுங்கள். ஆனால் இரவல் சப்பாத்தைப் போட்டி நாளன்று முதல் தடவையாக மாட்டாதீர்கள். எதில் பழகினீர்களோ அதில்தான் நம்பிக்கை வரும்.

நம் நாட்டு முத்தையா முரளிதரனை உங்களுக்குத் தெரியும். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர். 1995 டிசம்பரில் மெல்பேர்ண் மைதானத்தில், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு தடவை 'நோ போல்' சொன்னார். எந்த இளைஞனுக்கும் மனசு உடைந்துபோகும். அவர் ஒளிந்துகொள்ளவில்லை. ஆய்வுகூடத்துக்குப் போய்த் தன் கையைப் பரிசோதிக்கக் கொடுத்தார். திரும்ப வந்து பந்து வீசினார். 2010இல் காலியில், தன் கடைசி டெஸ்ட் போட்டியில், 800ஆவது விக்கெட்டை எடுத்தார். பிறர் சந்தேகப்பட்டால் கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், செய்து காட்டுங்கள்.

கோட்டில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கும். எல்லாருக்கும் படபடக்கும், ஸ்பைக்ஸ் போட்டவருக்கும்தான். உடம்பு ஓட்டத்துக்குத் தயாராகிற அடையாளம் அது. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பக்கத்து ஆளின் காலைப் பார்க்காமல் உங்கள் பாதையைப் பாருங்கள். கொப்பியில் எழுதிய உங்கள் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, தோற்று வருகிற பிள்ளையிடம் "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று சொல்லாதீர்கள். "என்ன படிச்சிக்கிட்ட?" என்று கேளுங்கள். பெண்பிள்ளை பெரியவளானதும் ஓட்டத்தை நிறுத்துகிற வழக்கத்தையும் விட்டுவிடுவோம். பயமாக இருந்தால் ஒரு நாள் நீங்களும் மைதானத்துக்கு வந்து பாருங்கள். வெறும் தேத்தண்ணியோடு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். ஒரு ரொட்டியும் கொஞ்சம் பருப்பும் என்றாலும் போதும். வயிறு காய்ந்தால் நம்பிக்கையும் காயும்.

அந்தப் பிள்ளை அடுத்த வருடம் திரும்பவும் வலய மட்டத்துக்குப் போனாள். வெறுங்கால்தான். நான்காவதாக வந்தாள்; பதக்கம் இல்லை. ஆனால் முந்திய வருடத்தைவிட பதினொரு செக்கன் குறைவு. நாங்கள் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "சேர், மூணாவது வந்த புள்ளைக்கும் எனக்கும் ரெண்டு செக்கன்தான். அடுத்த வருசம் பாப்போம்."

இந்தத் தடவை அவள் அழவில்லை. எங்களுக்குத்தான் கண் கலங்கியது.