சக்கரத்தின்மேல் ஒரு குடித்தனம்



கோடை வந்தால் இரயிலேறிச் சொந்த ஊர் செல்வதே நம் காலனி வழக்கம். இவ்வாண்டு நாங்கள், கணவனும் மனைவியுமாக, படுக்கையும் அடுப்பும் அமைந்த காரவன் ஊர்தியொன்றை ஓட்டுநருடன் வாடகைக்கு அமர்த்தித் தில்லியிலிருந்து மணாலிக்குச் சென்று வந்தோம்.

குருட்சேத்திரத்தில் நீராடிச் சண்டிகர் அடைந்தோம். சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், ஓய்வு நேரத்தில் உடைந்த பீங்கானையும் வளையல்களையும் கொண்டு படைத்த கற்பூங்கா 1976இல் திறக்கப்பட்டதாகும். அலுவலக ஊழியர்க்கு அஃதொரு பாடம்.

மண்டி, குல்லு வழியே பியாஸ் ஆற்றோரம் மணாலி. தேவதாரு வனத்திடையே 1553இல் எழுந்த இடும்பி கோவில். பாரதக் கதையில் அரக்கியாக நாம் அறிந்த வீமன் மனைவி, அங்கே ஊர்காக்கும் அன்னை!

3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாய் பனியால் மூடினால், லாகௌல் மக்கள் மாதக்கணக்கில் தனித்திருந்தனர். 2020இல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையால் அக்குறை தீர்ந்தது. நாங்கள் கால் மணிக்குள் கடந்தோம்.

அன்பர்களே! அலுவலகத்துக்கும் அடுக்களைக்கும் இடையே ஆண்டுகள் பல கழிந்தன. அச்சிறு வண்டியில்தான், இரவில் ஆற்றின் ஓசை கேட்டவாறு, நாங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசினோம். பிறந்த ஊரை மறவாதீர். வாழவைக்கும் நாட்டையும், உடல் நலமுள்ளபோதே, துணையோடு கண்டு வாருங்கள்.